ஆறுக்கு ஒன்று ஏற்றத்தில் ஒரு கரவன்: வெள்ளவத்தை நிகழ்வு ஆய்வு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. அகலம் 12 அடி. அந்த வீட்டின் கேற் ஒழுங்கை மட்டத்தில் இருக்கிறது, வீடோ மேட்டில். மழைத்தண்ணி ஏறாமல் இருக்க அந்தக் காலத்தில் மண் நிரப்பி உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். கேற்றிலிருந்து 9 மீற்றர் நீளச் சீமெந்துச் சரிவு, அதன் மேலே ஒரு கார் நிற்கும் அளவு சமதளம், அதற்குப் பின்னால் மதில். வேறு வழி கிடையாது. ஏறுகிற வாகனம் வந்த வழியேதான் இறங்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். சிலாபம் பக்கத் தென்னந்தோட்டமொன்றில் பல வருடம் ஓய்வறையாகக் கிடந்த பிரித்தானியக் கரவன் (கார் இழுத்துப்போகும் சில்லு வீடு) ஒன்றை வாங்கினார். ஒற்றை அச்சு, இரண்டு சில்லு, உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்படி. லண்டனிலிருந்து பிள்ளைகள் வரும்போது படுக்க ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். கட்டிட அனுமதி, மேசன், ஓடு என்று அலைவதைவிட இது சுலபம் என்று அவர் நினைத்ததில் பிழையில்லை, அந்தச் சரிவு மட்டும் இல்லாதிருந்தால்.

லொறி கரவனை ஒழுங்கையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இழுக்க வாகனம் ஏன் இல்லை

வாகனம் கிடைக்கவில்லை என்பது பாதிக் காரணம்தான். அவரிடம் இருப்பது 660 சீசீ வகன் ஆர். கொக்கி பூட்டும் இடம்கூட அதில் இல்லை. நண்பர் ஒருவரின் ஜீப்பைக் கேட்கலாம் என்றார். ஆனால் ஜீப் முன்னால் ஏறி இழுத்தால், மேலே போய் நின்றதும் மதிலுக்கும் கரவனுக்கும் நடுவில் ஜீப் சிறைப்படும். பின்னோக்கித் தள்ளி ஏற்றுவதென்றால், ஜீப்பும் கரவனும் சேர்ந்து 12 அடி ஒழுங்கையில் செங்கோணத்தில் மடங்க வேண்டும். சுண்ணக்கட்டியால் நிலத்தில் கீறிப் பார்த்தோம். ஜீப்பின் மூக்கு எதிர் வீட்டுக்காரரின் வரவேற்பறைக்குள் போய் நிற்கிறது. ஆகவே வாகனம் என்ற பேச்சை அங்கேயே விட்டுவிட்டோம்.

கணக்கு

சரிவின் உயரத்தை மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் பிடித்தோம். 9 மீற்றர் ஓட்டத்துக்கு 1.5 மீற்றர் உயர்வு, அதாவது ஆறுக்கு ஒன்று. கரவனின் எடை, கொண்டுவந்த லொறியைச் சுமையோடும் சுமையில்லாமலும் எடை மேடையில் ஏற்றியதில் கிடைத்தது: 1,100 கிலோ. ஆறில் ஒரு பங்கு 183 கிலோ. சரிவில் கரவன் கீழே போக முயலும் இழுப்பு அவ்வளவு. காற்று நிறைந்த ரயர் சீமெந்தில் உருளும்போது வரும் தடை எடையின் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான். ஒரு 15, 20 கிலோ. மேலே இழுக்க மொத்தம் சுமார் 200 கிலோ இழுவை போதும்.

கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "இருநூறு கிலோதானே தம்பி? பத்துப் பொடியளைப் பிடிச்சால் அரை மணித்தியாலத்தில முடியும்."

கணக்கின்படி அவர் சொன்னது சரி. ஓர் ஆள் சரிவில் காலூன்றித் தொடர்ந்து தள்ளக்கூடியது 20, 25 கிலோ. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் ஏறும். ஆனால் 2.1 மீற்றர் அகலப் பின்பக்கத்தில் பத்துப் பேர் நிற்க இடமில்லை. கரவனின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. மூலைக் கைபிடிகளைத் தவிர எங்கே கை வைத்துத் தள்ளினாலும் பள்ளம் விழும். இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய சங்கடங்கள். உண்மையான சங்கடம், தள்ளுகிற அத்தனை பேரும் கரவன் திரும்பி உருளும் பாதையில் நிற்கிறார்கள் என்பது. ஒருவருக்குப் பாசியில் கால் சறுக்கினால் மற்றவர்களின் தோளில் 183 கிலோ அப்படியே இருக்கும். மூச்சு வாங்கக்கூட அது இடம் தராது.

இந்த வேலை முழுவதையும் நான் பார்த்த கண் இதுதான்: இழுப்பதற்கு வழி பல உண்டு, ஒவ்வோர் அங்குலத்திலும் நிறுத்தி வைக்கும் வழியைத்தான் முதலில் தேட வேண்டும். கருவி தெரிவு செய்ததும் ஆட்களை நிறுத்தியதும் அதை வைத்துத்தான்.

இங்கிலாந்தில் கரவன் வைத்திருப்பவர்கள் இதற்கென்றே மோட்டார் பூட்டுவார்கள். இரண்டு ரயர்களிலும் உருளைகள் அழுத்தி நிற்கும்; 12 வோல்ற் பற்றரியில், கையில் பிடிக்கும் ரிமோட்டால் கரவன் தானே நகரும். ஒருமுறை ஏற்றி வைத்துவிட்டுப் படுக்கப்போகும் கரவனுக்கு அதைக் கப்பலில் வரவழைப்பது வீண் செலவு. படகு இழுக்கும் கைச் சுழற்றி வின்ச் ஒன்றும் கைவசம் கிடைத்தது. அதன் பல்லை விடுவித்த கணத்தில் பாரம் முழுவதும் கைபிடிக்கு வரும்; பிடி தவறினால் கைபிடி சுழன்று மணிக்கட்டை உடைக்கும். அது வேண்டாம் என்றேன்.

எடுத்தது டிர்ஃபோர் என்ற கை இழுவைக் கருவி. பழைய சோனகத் தெருப் பக்கம் விசாரித்து, கட்டட வேலை செய்பவர் ஒருவரிடம் 800 கிலோ வகை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. இதில் கயிறு சுற்றும் உருளை கிடையாது. கம்பிக்கயிறு பெட்டிக்குள்ளால் நேராக ஓடும். உள்ளே இரண்டு சோடி தாடைகள் மாறி மாறிக் கயிற்றைக் கவ்வும். நெம்பை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட, சில சென்ரிமீற்றராகப் பாரம் நகரும். நெம்பை எந்த இடத்தில் விட்டாலும் தாடைகள் பிடித்துக்கொண்டே நிற்கும். பாரம் கூடக் கூடப் பிடி இறுகும். அளவுக்கு மேல் இழுத்தால் நெம்பிலுள்ள சிறு முளைகள் முறிந்து எச்சரிக்கும், பாரம் அப்படியே நிற்கும். ஒரேயொரு நிபந்தனை: அதற்கென்ற கம்பிக்கயிறுதான் போட வேண்டும். கையில் கிடைத்த கயிற்றைப் போட்டால் தாடை அதை நசுக்கும், அல்லது வழுக்கும்.

ஹாண்ட் பிரேக் சொன்ன பொய்

வேலைக்கு முதல் நாள் ஒழுங்கையில் வைத்துக் கரவனைச் சோதித்தோம். ரயர்களுக்குக் காற்று அடித்தோம். துருப்பிடித்து ஒட்டியிருந்த பிரேக்கை விடுவிக்க ஒரு பின்னேரம் போனது. பிறகு ஹாண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவிட்டு, மூன்று பேரை முன்னாலிருந்து பின்னோக்கித் தள்ளச் சொன்னேன்.

கரவன் உருண்டது. ஏறக்குறைய ஓர் அடி உருண்ட பிறகுதான் பிடித்தது. அதற்குள் நெம்புகோல் தானாகவே இன்னும் கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது.

பழுது என்று வீட்டுக்காரர் பதறினார். பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி. இவ்வகைக் கரவனில் பிரேக்குக்கு வாகனத்திலிருந்து வயரோ எண்ணெய்க் குழாயோ வராது. முன்னால் போகும் வாகனம் வேகம் குறைக்கும்போது கரவன் அதை முட்டும். அந்த முட்டலில் கொக்கித் தண்டு உள்ளே போய்ப் பிரேக்கை இழுக்கும். அப்படியென்றால் வாகனம் பின்னோக்கித் தள்ளும்போதும் பிரேக் பிடிக்க வேண்டுமே? பிடிக்காமலிருக்க ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சில்லு பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியதும் டிரம்முக்குள் இருக்கும் ஒரு கட்டை விலகிப் பிடியைத் தளர்த்தும். அந்தத் தளர்வை மீறிப் பிடிக்க ஹாண்ட் பிரேக் இன்னும் கொஞ்சம் இழுபட வேண்டும். அதற்காக ஒரு வில் வைத்திருக்கிறார்கள். வில் அந்த மிச்சத்தை இழுத்து முடிக்கும்வரை கரவன் உருளும்.

சமதரையில் அந்த ஓர் அடி ஒன்றுமில்லை. ஆறுக்கு ஒன்று சரிவில், 1,100 கிலோ பின்னோக்கி வேகமெடுக்க அது போதும். சரிவில் ஏறும் கரவனுக்கு "ஹாண்ட் பிரேக் போட்டிருக்கு" என்பது பாதுகாப்பே இல்லை என்று அன்றே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் இணுவில் அண்ணை வாயைத் திறந்தார். மரத்தளபாட வேலைக்காக வீட்டுக்கு வந்து போகிறவர். ஊர்க் கோயில் தேருக்குச் சில்லுக்கட்டை போட்டுப் பழகியவர். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சில்லடியில் கட்டையோடு குனிந்து நிற்கிற நாலு பேர்தான் என்பது தேரோட்டம் பார்த்த எவருக்கும் தெரியும். "அந்தக் கட்டைகளை நான் செய்து தாறன். நீங்கள் இழுக்கிறதை இழுங்கோ. ஆனால் நான் சொல்லாமல் ஒருத்தரும் கட்டையை எடுக்கப்படாது," என்றார்.

ஆறங்குலச் சதுர மரத்தை மூலைவாட்டில் அறுத்து இரண்டு கட்டை. அடியில் பழைய ரயர்த் துண்டை ஆணியடித்து ஒட்டினார், சீமெந்தில் வழுக்காமலிருக்க. பக்கவாட்டில் தும்புத்தடியின் நீளக் காம்பைப் பொருத்தினார். அந்தக் காம்புதான் இந்த வேலையின் மிக நல்ல யோசனை. கட்டை போடுகிறவர் சில்லுக்குப் பின்னால் போகவே தேவையில்லை. கரவனுக்குப் பக்கவாட்டில் நின்றபடி சில்லு நகர நகரக் கட்டையை அதோடு உரசிக்கொண்டே தள்ளி வரலாம். இடைவெளி ஒரு கையகலத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி.

மூக்கின் பாரம்

கரவனின் முன்பக்கத்தை ஒரு சிறிய ஜொக்கி சில்லு தாங்கும். சமதரையில் அதன் அடியில் குளியலறைத் தராசை வைத்துப் பார்த்தபோது 70 கிலோ காட்டியது. அச்சிலிருந்து அது 3 மீற்றர் முன்னால் இருக்கிறது. ஆக, கரவனின் எடை மையம் அச்சுக்கு வெறும் 19 சென்ரிமீற்றர் முன்னால். அந்த மையம் நிலத்திலிருந்து 1.1 மீற்றர் உயரத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மூக்கை மேலே பார்க்க வைத்துச் சரிவில் நிறுத்தினால், உயரத்திலிருக்கும் மையம் பின்னுக்குச் சாயும். ஆறுக்கு ஒன்று சரிவில் 18 சென்ரிமீற்றருக்கு மேல் சாயும். அதாவது, சில்லுகளை மட்டும் பிடித்து, பிரேக்கால் கரவனை நிறுத்தி வைத்தால், ஜொக்கி சில்லில் இருந்த 70 கிலோ ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். பின்பக்கம் ஒரு சின்னப் பையன் ஏறினாலே மூக்கு வானத்தைப் பார்க்கும். முன்னால் கயிறு இழுத்துப் பிடித்திருந்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. கயிறு கட்டும் தண்டு எடை மையத்தைவிடத் தாழ்வாக இருந்தாலும் நிலத்துக்கு மேலே இருக்கிறது, அதனால் மூக்கில் 28 கிலோ அளவு மிஞ்சும்.

இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுக் காட்டியபோது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனாலும் 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றைக் கரவனின் முன் அலமாரிக்குள் வைக்கச் சம்மதித்தார்கள். மூக்கில் சுமார் 30 கிலோ கூடியது. இழுவை எட்டுக் கிலோவால் கூடும்; டிர்ஃபோருக்கு அது தெரியாது.

எதில் கட்டுவது

மேலே, சரிவின் நேர்க்கோட்டில், போர்ட்டிகோவின் தூண். இடப்பக்கம் சற்று விலகி, இருவர் கட்டிப்பிடிக்கும் பருமனில் மாமரம். மரத்தில் டிர்ஃபோரைக் கட்டினால் கரவன் மரத்தைப் பார்த்து இடப்பக்கம் இழுபடும். தூணடியில் ஒரு கப்பி போட்டுக் கயிற்றை நேராக்க வேண்டும்.

மேசன் பாஸுக்கு வேறு யோசனை. கப்பியைத் தூணில் கட்டி, கயிற்றை முழுவதும் திருப்பிக் கீழே கொண்டுவந்தால், நெம்பை ஆட்டுகிறவர் கேற்றடியில் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றார். கப்பி போட்டால் பாரம் பாதியாகும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. அது கப்பி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கப்பி கரவனோடு சேர்ந்து நகர்ந்தால் கயிற்றில் பாரம் பாதியாகும். கப்பி தூணில் அசையாமல் நின்று கயிற்றைத் திருப்பி மட்டும் விட்டால், கயிற்றின் இரண்டு பக்கமும் 200, 200 கிலோவாகத் தூணை இழுக்கும். தூணுக்கு 400 கிலோ. உள்ளே எத்தனை கம்பி போட்டார்கள் என்பது கட்டிய பாஸுக்கும் வீட்டுக்காரரின் காலஞ்சென்ற தகப்பனுக்கும்தான் தெரியும். அதோடு நெம்பை ஆட்டுகிறவர் கரவன் உருளும் பாதையிலேயே நிற்பார்.

மரத்தில் டிர்ஃபோர், தூணடியில் கப்பி என்று முடிவானது. கயிறு கப்பியில் திரும்பும் கோணம் 40 பாகை அளவு. அந்தக் கோணத்தில் தூணுக்கு வருவது 140 கிலோ அளவு. அதையும் தரையோடு ஒட்டி, தூணின் அடியிலேயே பட்டி சுற்றிக் கட்டினோம். மரத்துக்குச் சாக்கு சுற்றி, அதற்கு மேல் அகலப் பட்டி. கரவனில் கொக்கித் தலையைத் தொடாமல், முன் சட்டத்தின் இரண்டு கால்களிலும் பட்டி போட்டு நடுவில் சேர்த்தோம்.

ஏற்றிய நாள்

ஒரு போயா தினத்தின் (பௌர்ணமி விடுமுறை) காலை. ஒழுங்கையில் போக்குவரத்து இல்லை. ஐப்பசி என்பதால் பின்னேரம் இடியோடு மழை வரும். அதற்கு முன் முடிக்க வேண்டும்.

ஒழுங்கையில் திருப்புவது நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது, எதிர் வீட்டு அம்மா தன் கேற்றைத் திறந்துவிட்டதால். கரவனின் வால் அவருடைய முற்றத்துக்குள் போய் வந்தது. அவருடைய செவ்வரத்தைக்கு மட்டும் கொஞ்சம் சேதம்.

கேற்றடியில் வடிகான் மூடியைத் தாண்டும்போது வால் நிலத்தில் உரசக்கூடும் என்று தெரிந்திருந்தது. மூக்கு 3 மீற்றருக்கு ஆறில் ஒன்று எழும்பினால், அச்சுக்கு 2 மீற்றர் பின்னாலிருக்கும் வால் 33 சென்ரிமீற்றர் இறங்கும். அங்கே நிலத்துக்கும் வாலுக்கும் இடையில் இருந்ததே 40, மிஞ்சுவது வெறும் 7. ஜொக்கி சில்லை மேலே சுற்றி மூக்கைத் தாழ்த்தினோம். வால் எழும்பித் தப்பியது.

மரத்தடியில் நெம்போடு இருவர் மாறி மாறி. கம்பிக்கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு. அறுந்தால் கயிறு துள்ளாமல் கீழே விழ வேண்டும். இரண்டு சில்லுக்கும் பக்கவாட்டில் கட்டையோடு இணுவில் அண்ணையும் அவருடைய மருமகனும். கேற்றுக்குக் குறுக்கே வாங்கு போட்டு ஒருவரைக் காவலுக்கு வைத்தோம். குரல் ஒன்றுதான், அண்ணையின் குரல். "இழு", "நில்", இந்த இரண்டைத் தவிர வேறு சொல் கிடையாது. போயா என்பதால் பார்க்க வந்தவர்கள் பலர். எல்லாரும் மதிலுக்கு வெளியே.

பாதிச் சரிவில் ஜொக்கி சில்லு சீமெந்து வெட்டொன்றில் விழுந்து குறுக்காகத் திரும்பியது. "நில்!" கட்டைகள் இரண்டும் இறுகின. கயிறும் இறுக்கமாகவே இருந்தது. சில்லை நிமிர்த்த ஒரு பலகை தேவைப்பட்டது. பலகை கரவனுக்குள் கிடப்பதை நினைத்த வீட்டுக்காரரின் பேரன் பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

"இறங்கடா!" என்று அண்ணை போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது.

பையனுக்கு 65 கிலோ இருக்கும். கதவு அச்சுக்கு ஒன்றரை மீற்றர் பின்னால். அவன் முழுதாக ஏறியிருந்தால் மூக்கிலிருந்து 30 கிலோவுக்கு மேல் போயிருக்கும். சீமெந்துப் பை கொடுத்தது அத்தனையும் அதில் கரைந்திருக்கும். கயிறு இறுக்கமாக இருந்ததால் கரவன் அப்போதும் நின்றிருக்கலாம். கயிறு தளர்ந்திருந்த ஒரு நேரத்தில் அவன் ஏறியிருந்தால், மூக்கு எழும்பி வால் நிலத்தில் குத்தியிருக்கும். கதவைப் பூட்டித் திறப்பை வீட்டுக்காரரின் சட்டைப்பையில் போட்டோம். காலையிலேயே செய்யும் வேலைகளின் பட்டியலில் அது இருந்திருக்க வேண்டும். அடுத்தவர் எவரும் இதைச் செய்தால் முதல் வேலையாக அதைச் செய்யட்டும்.

பலகை வேறிடத்திலிருந்து வந்தது. சில்லு நிமிர்ந்தது. அதற்குப் பிறகு சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. மதியச் சோற்றுக்கு முன் கரவன் சமதளத்தில் ஏறி நின்றது.

ஏறிய பிறகு

கடற்காற்று உப்புக் காற்று. ஹாண்ட் பிரேக்கை இழுத்தபடி மாதக்கணக்கில் விட்டால் பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சிலாபத்தில் நடந்ததும் அதுதான். ஆகவே பிரேக்கை விடுவித்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். நான்கு மூலைக் கால்களை நிலம் தொடும்வரை மட்டும் இறக்கினோம். அவை ஆடாமலிருக்கத்தான், கரவனைத் தூக்க அல்ல.

"இனி இதை இறக்கிறதெண்டால்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அதே டிர்ஃபோரில் இன்னொரு நெம்பு இருக்கிறது. அதை ஆட்டினால் தாடைகள் அதே போல மாறி மாறிக் கவ்விக் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். இறங்கும்போது கட்டை போடுகிறவர்களின் வேலை இன்னும் கடினம், ஏனென்றால் கட்டை சில்லுக்குக் கீழ்ப்பக்கம், அது போக வேண்டிய திசையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு கையகலம் பின்னிழுத்து வைக்க வேண்டும்.

அதற்காக அவர் தூணை நம்பியிருக்கவில்லை. மேசன் பாஸைக் கொண்டு, சரிவின் நேர்க்கோட்டில், மதிலடியில் தரையைக் குடைந்து, கம்பிக்கூட்டோடு கொங்கிரீட் போட்டு, அதில் ஒரு தடித்த இரும்பு வளையத்தைப் புதைத்திருக்கிறார். கரவனின் முன் சட்டத்திலிருந்து ஒரு சங்கிலி இப்போது அந்த வளையத்துக்குப் போகிறது. இணுவில் அண்ணையின் கட்டைகள் இரண்டும், தும்புத்தடிக் காம்போடு, கரவனுக்கு அடியிலேயே கிடக்கின்றன.